பூட்டாங்கயிறு

டயலைக் கவிழ்த்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. வாட்ச் கட்டுகிறவர் அதன் முகத்தை ஒரு நாளில் ஐம்பது முறை பார்ப்பார், அதன் முதுகை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். முதுகில் பூச்சு இல்லை, எழுத்து இல்லை, பளபளப்பு இல்லை. வெறும் பித்தளைத் தகடு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். அதன் ஓரத்தில் இரண்டு குச்சிகள் நிற்கும். குண்டூசித் தடிமன், அரிசி நொய்யின் நீளம். ரிப்பேர் கடைகளில் இவற்றைக் 'கால்' என்பார்கள். 'மிஷின்' என்று அவர்கள் சொல்லும் இயந்திரத்தில் இந்தக் கால்களுக்கென்று இரண்டு துளைகள் காத்திருக்கும். கால் துளைக்குள் இறங்கி, பக்கவாட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூவோ ஒரு கொக்கியோ அதைப் பிடித்துக்கொண்டால், டயல் மிஷினோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். நாம் நேரம் என்று பார்ப்பதெல்லாம் அந்த இரண்டு காலின் மேல்தான் நிற்கிறது.

இதை நான் எழுத உட்கார்ந்திருப்பது ஓசூர்ப் பக்கம் சானமாவில், கேழ்வரகு அறுத்துப் போர் போட்டிருக்கும் ஒரு கார்த்திகை மாத ராத்திரியில். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக வருடா வருடம் வரும் யானைக்கூட்டம் இங்கே காட்டில் இறங்கியிருக்கிறது. யாரும் தனியாகத் தோட்டத்துக்குப் போகவேண்டாம் என்று வனத்துறை ஜீப் சாயங்காலமே மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. தூரத்தில் எங்கோ பட்டாசுச் சத்தம் கேட்கிறது. இப்படிப்பட்ட ராத்திரிகளில்தான் நான் மேஜை விளக்கைப் போட்டு, வெள்ளைக் காகிதம் விரித்து, கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வாட்ச் வேலைக்கு உட்காருவேன். எப்படியும் தூக்கம் வராது.

சொந்தமாக வாட்ச் செய்வது ஏழெட்டு வருடப் பழக்கம். சக்கரம் அறுத்து ஸ்ப்ரிங் சுருட்டுகிற அளவுக்குப் போனதில்லை. மிஷின், கேஸ், டயல், முள், கண்ணாடி என்று தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதுதான். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அதிகம் எடுப்பது சீக்கோவின் என்எச்35 மிஷின். 27.4 மில்லிமீட்டர் விட்டம், 5.32 மில்லிமீட்டர் கனம், 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு. கையில் கட்டியிருந்தால் தானாகச் சாவி ஏறும், கழற்றி வைத்தால் 41 மணி நேரம் ஓடும். இதில் டயலின் கால்களை ஒரு பிளாஸ்டிக் வளையம் இறுக்கமாக வாங்கிக்கொள்கிறது. ஸ்க்ரூ தேட வேண்டியதில்லை, நேராக வைத்து மெல்ல அமுக்கினால் உட்கார்ந்துவிடும்.

முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் முள் வைப்பதற்குத்தான் பயப்படுவார்கள். நொடிமுள்ளின் துளை 0.2 மில்லிமீட்டர்தான், அதை ஊசிமுனை போன்ற ஒரு தண்டின் மேல் நேராக வைத்து அழுத்த வேண்டும், கை நடுங்கினால் தண்டு வளையும். பயம் நியாயமானது. ஆனால் என் அனுபவத்தில் டயல் சரியாக உட்காராத வாட்சில் முள்ளை எவ்வளவு பார்த்து வைத்தும் பிரயோஜனமில்லை. டயல் ஒரு பக்கம் தலைமுடி கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றால் மணிமுள் அந்த இடத்தைக் கடக்கும்போது உரசும். அங்கே ஓட்டம் தடுமாறும், ஒரு நாள் நின்றுவிடும். டயல் கொஞ்சம் சுழன்றிருந்தால் தேதி எண் ஜன்னலில் பாதி தெரியும், பாதி மறையும். பன்னிரண்டு பன்னிரண்டில் இருக்காது. மிஷினில் ஒரு குறையும் இருக்காது. குறை முழுக்க, முகத்துக்கும் மிஷினுக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சேர்மானத்தில்.

சேர்மானத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது என் கையால் நடந்த ஒரு தப்பினால்.

அப்பாவிடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா இருந்தது. 17 கல், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். டயலில் ஜனதா என்பது இந்தி எழுத்தில் இருக்கும். அப்பாவுக்குத் தமிழ் கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும், இந்தி தெரியாது. அது என்ன எழுத்து என்று அவர் யாரையும் கேட்டதாக ஞாபகமில்லை. சந்தைக்குப் போகும்போது கட்டுவார், வயலில் இறங்கும்போது கழற்றி பனியனுக்குள் தைத்த பையில் வைத்துக்கொள்வார். அவர் போனபிறகு அது என்னிடம் வந்தது. டயலில் ஈரம் ஏறி ஓரத்தில் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. நானே கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவது என்று தீர்மானித்தேன்.

அந்த வாட்சில் டயல் கால்களைப் பிடித்திருப்பவை மிஷினின் விளிம்பில் பக்கவாட்டாக இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். இரண்டையும் முழுக்கக் கழற்றத் தேவையில்லை, அரைச் சுற்றுத் தளர்த்தினால் கால் விடுபடும். ஒன்றைத் தளர்த்தினேன். இன்னொன்று அழுக்கில் புதைந்து கண்ணுக்குப் படவில்லை. இருக்கிறது என்று தெரிந்திருந்தும், ஒரு பக்கம் டயல் தூக்கிக்கொண்டதும் மறுபக்கமும் வந்துவிடும் என்று பிளேடு முனையைக் கொடுத்து நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அது ஓட்டத்தின் சத்தம் அல்ல என்று கைக்குத் தெரிந்துவிட்டது. டயலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கால் இருந்தது. இன்னொரு கால் இருந்த இடத்தில் மிளகை உடைத்தது போல ஒரு சிறு வட்டத் தழும்பு. உடைந்த கால் மிஷினின் துளைக்குள்ளேயே ஸ்க்ரூவின் பிடியில் பத்திரமாக இருந்தது.

அதற்கப்புறம் செய்ததுதான் உண்மையான தப்பு. கால் உடைவது எல்லோருக்கும் நடக்கிறது. நான் இரவு பதினொரு மணிக்கு, அப்பாவின் வாட்சைத் துண்டாகப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டிலிருந்த உடனடிப் பசையை எடுத்து அந்தத் தழும்பின்மேல் ஒரு சொட்டு விட்டு டயலை அமுக்கிவிட்டேன். பத்து நொடியில் பிடித்தது, இரும்பாகப் பிடித்தது. முள்ளெல்லாம் வைத்து, மூடி, சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். நொடிக்கு ஐந்து என்று ஓடியது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் மிஷின் ஓடுகிறது, மணி பதினொன்றே முக்காலில் நிற்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் பனி மூடியது போல வெள்ளைப் படலம். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் இப்படித்தான் வெள்ளையாகப் படியும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம். பசையே டயலுக்கும் மிஷினுக்கும் நடுவிலிருந்த மெல்லிய சந்தில் தானாக ஊர்ந்து, மணிமுள்ளைச் சுமக்கும் சக்கரம்வரை போயிருந்தது. அதைச் சுற்றவைக்கும் குழல் உள்ளே தண்டின்மேல் வெறும் உராய்வால்தான் பிடித்திருக்கிறது. நாம் நேரம் திருத்தும்போது வழுக்கிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சக்கரம் பசையில் சிக்கியதும் அந்தக் குழல் வழுக்கிவிட்டது. மிஷின் தன்பாட்டுக்கு ஓடியது. முகத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை வந்த ஆரம்ப வருடங்களில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அசெம்ப்ளி லைனில் உட்கார்ந்தவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் தக்காளி, கொத்தமல்லி. வாட்சை அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் லென்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

"யாரு தம்பி ஒட்டினது?"

"நான்தான்க்கா."

"அடுத்தாப்புல தொறக்கறவன் என்ன பண்ணுவான்னு நெனச்சியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அந்த ராத்திரி என் மனதில் அடுத்து திறக்கிறவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. நானும் அப்பாவும் மட்டும்தான் இருந்தோம்.

இந்த அக்காவின் கையைப் பற்றிச் சொல்வதென்றால் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. ஒரு தலைமுறை இந்தியர்களுக்கு முதல் சம்பளம், கல்யாணம், பணி ஓய்வு எல்லாவற்றுக்கும் அதுதான் வாட்ச். 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் தொழிற்சாலை கட்டின. எச்.எம்.டி.யில் வேலை பழகிய பலர் இங்கே வந்தார்கள். ஆனால் லைனில் உட்கார வைத்தவர்களில் பெரும்பங்கு அப்போதைய தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். பதினேழு பதினெட்டு வயது, பாதிப் பேர் வீட்டில் அதுவரை யாரும் வாட்சே கட்டியதில்லை. அப்புறம் 90-களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில் கிராமத்துப் பெண்கள் 'மீடோ' என்ற பெயரில் தாங்களே ஒரு கம்பெனியாகச் சேர்ந்து வாட்ச் செயின் கோர்க்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். களை பிடுங்கின கையும், பூப்பறித்த கையும், மாட்டுக்குத் தவிடு கரைத்த கையும் மில்லிமீட்டரில் பாகம் பார்க்கப் பழகியது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஓசூர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2002-ல் வந்த டைட்டன் எட்ஜ் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் கனம், அதன் மிஷின் 1.15 மில்லிமீட்டர். ஒரு டயலுக்கான கால் அதற்குள் எவ்வளவு தூரம் இறங்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கேழ்வரகுத் தாளின் ஓரம்போல ஒரு ஆழம்.

அக்கா என்னிடம் கேட்டது ஒரு கை டிரில், ஒரு சவர பிளேடு, ஒரு மெல்லிய பாலிதீன் துண்டு. டயலின்மேல் பாலிதீனைப் பரப்பி முள்களை நெம்பி எடுத்தார். அப்புறம் பிளேடை டயலுக்கும் மிஷினுக்கும் நடுவில் நுழைத்து, நெம்பாமல், படுக்கை வசமாக ஒரு நூல் அறுப்பதுபோல இழுத்தார். அந்தப் பசை நேராக இழுத்தால் விடாது, பக்கவாட்டில் சீவினால் கண்ணாடிபோல உடையும் என்றார். பசையைக் கரைக்க நகத்தில் பூசும் பாலிஷை எடுக்கிற திரவம் இருக்கிறதே என்று கேட்டேன். அது பசையைக் கரைப்பதற்கு முன்னால் ஜனதா எழுத்தைக் கரைக்கும் என்றார். முக்கால் மணி நேரம். கடைசியில் டயல் வந்தது, ஓரத்தில் ஒரு சின்ன வளைவோடு. டிரில்லுக்கு என்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மரக்கட்டை ஒன்றில் துளை போட்டு, மிச்சமிருந்த ஒற்றைக் காலை அதில் இறக்கி, டயலைப் படிய வைத்து விரல் நகத்தால் தடவித் தடவியே வளைவை நேராக்கினார்.

தொழிலில் நான் ஒரு டூல்ரூம் ஆள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் ஜிக், ஃபிக்ஸ்ச்சர் செய்கிறோம். டிரில் போடும்போதும் மில்லிங் ஓட்டும்போதும் பொருளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கருவிகள். எங்கள் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே காதில் விழும் கேள்வி ஒன்று: "ஜாப் உக்காந்துச்சா?" பிடித்துவிட்டதா என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்ததா என்றுதான் கேட்பார்கள். பொருள் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்படி பின் அடித்து வைக்க வேண்டும். அதன்பிறகுதான் கிளாம்ப். உட்காராத ஜாப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் இறுக்கத்தில் வளைந்து, வெட்டி முடித்துத் தளர்த்தியதும் நிமிர்ந்து, அளவு தப்பிவிடும். இரண்டு பின் அடிக்கிற இடத்தில் ஒன்றை முழு உருண்டையாக வைப்போம், இன்னொன்றை இரண்டு பக்கமும் சீவி 'டயமண்ட் பின்' ஆக வைப்போம். உருண்டைப் பின் இடத்தைச் சொல்லும். சீவிய பின் சுழலாமல் பார்த்துக்கொள்ளும், மற்றதற்கு விட்டுக்கொடுக்கும். இரண்டும் முழு உருண்டையாக இருந்தால் ஜாப் ஏறவே ஏறாது, ஏறினால் இறங்காது.

பதினைந்து வருடம் இதைச் செய்தவன் டயலைக் கையில் எடுத்தபோது இதை மறந்தேன். டயலின் கால்கள் முதலில் இடம் சொல்வதற்காக இருப்பவை. பெரும்பாலான மிஷின்களில் இரண்டு காலும் நேருக்கு நேர் எதிரெதிராக இருக்காது, கொஞ்சம் விலகியிருக்கும். டயலைத் தலைகீழாக வைக்க முடியாது. ஒரே ஒரு வழியில்தான் இறங்கும். அந்த ஒரே வழியைக் கண்டுகொண்டு இறங்கிவிட்டால், பிடிப்பதற்குப் பெரிய பலம் எதுவும் தேவையில்லை. டயல் எதையும் சுமப்பதில்லை. கையை வீசினால் நகரக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு அரைச் சுற்று ஸ்க்ரூ போதும். இரண்டு சுற்று இறுக்கினால் காலின் செம்பு நசுங்கும், அடுத்தமுறை வெளியே வராது. பழைய பாக்கெட் வாட்சுகளில் ஸ்க்ரூகூடக் கிடையாது. காலில் குறுக்கே ஒரு துளை போட்டு, ஒரு பக்கம் கூராகச் சீவிய பித்தளைக் குச்சியை அதில் சொருகி வைத்திருப்பார்கள். செம்புத் தகட்டின்மேல் எனாமல் சுட்ட டயல்கள் அவை, கொஞ்சம் வளைத்தாலே வெடிக்கும். அந்தச் சொருகுகுச்சியின் பிடியில் நூறு வருடம் தாண்டி வந்த டயல்கள் இன்றும் கழன்று வருகின்றன, சேதமில்லாமல்.

பூட்டுவது என்று ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறது. கதவைப் பூட்டுகிறோம், நகை பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். மெக்கானிக் கடையில் "கழட்டிப் பூட்டணும்" என்றால் முழு வேலை என்று பொருள், அதற்குத் தனிக் கூலி. இதெல்லாவற்றுக்கும் முந்தின பூட்டு, ஏர் பூட்டுவது. அப்பா விடியற்காலையில் மாட்டை நுகத்துக்குக் கொண்டுவந்து பூட்டாங்கயிற்றைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து மறுபக்கம் முடிவார். நாள் முழுக்க கல்லும் வேரும் நிறைந்த செம்மண்ணில் மாடு இழுக்கிற இழுப்பெல்லாம் அந்தக் கயிற்றுக்கு வரும், முடிச்சு அசையாது. சாயங்காலம் அவர் முடிச்சின் வாலை ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். கயிறு தளர்ந்து விழும், மாடு தானாகத் தலையை உருவிக்கொண்டு தண்ணித் தொட்டிக்கு நடக்கும். சின்ன வயதில் எனக்கு அந்த முடிச்சு வரவில்லை. இறுக்கமாக இருக்க வேண்டுமே என்று நான் இரண்டு முடிச்சுச் சேர்த்துப் போட்டுவிட்டேன், சாயங்காலம் அது அவிழாமல் மாடு நுகத்தடியோடு திமிறியது. அப்பா அரிவாளால் கயிற்றை அறுத்தார். புதுக்கயிறு. என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து என் கணுக்காலில் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டி, அவிழ்த்துக் காட்டி, என்னையே அவருடைய கணுக்காலில் போடச் சொன்னார்.

அவிழ்க்கிற வழியையும் சேர்த்துத்தான் முடிச்சு என்று அவர் கற்றுக்கொடுத்தார் என்பது அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடம் எடுத்திருக்கிறது.

அவிழாத முடிச்சுகளால் ஆன பொருட்கள் இன்று சுற்றிலும் நிறைந்துவிட்டன. 1983-ல் ஸ்வாட்ச் வந்தபோது 51 பாகங்களில் ஒரு வாட்சைச் செய்து, பிளாஸ்டிக் உடலை ஒலியதிர்வால் உருக்கி ஒட்டியே விட்டார்கள். பின்மூடி என்று ஒன்று இல்லை. விலை குறைந்தது, சுவிஸ் கடிகாரத் தொழில் பிழைத்தது, அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் பின்மூடி இல்லாத வாட்ச் என்பது, திறக்கப்போகிறவன் என்று ஒருவன் கிடையாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட வாட்ச். கைப்பேசியும் அப்படித்தான், திரை பசையில், பேட்டரி பசையில். எங்கள் உத்தனப்பள்ளிப் பக்கமே இப்போது கைப்பேசி பாகங்கள் செய்யும் பெரிய ஆலை வந்திருக்கிறது. ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் பஸ்ஸாக இளம்பெண்கள் ராயக்கோட்டை ரோட்டில் போகிறார்கள். 1987-ல் அக்கா போன வயது. அவர்கள் கையும் அதேபோல மில்லிமீட்டர் பழகுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்கள் செய்வதை வருங்காலத்தில் யாரோ ஒருவர் திறந்து பார்க்கும்படியாக உலகம் அமைய வேண்டும் என்ற ஆசையும் கூடவே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது அது, சில விலக்குகளோடு. பூட்டாங்கயிற்றைச் சட்டமாக எழுத வேண்டிய காலம்.

டயலுக்கு வருகிறேன். ஒரு கால் போன டயலுக்கு என்ன செய்வது? புதுக்கால் சூட்டில் பற்றவைத்தால் முகத்திலுள்ள பூச்சு கருகும். அதற்கென்று மின்சாரத்தை ஒரு கணம் மட்டும் பாய்ச்சிக் காலை ஒட்டும் இயந்திரங்கள் உண்டு, எனக்குக் கைக்கெட்டுவதாக இல்லை. மூன்றாவது வழி, டயல் ஸ்டிக்கர். இரண்டு பக்கமும் ஒட்டும் சின்னஞ்சிறு வட்டங்கள், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம். இதுவும் ஒட்டுதான் என்று முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் இது ஊராது, ஆவி விடாது, பிளேடு கொடுத்தால் உரிந்து வரும். ஒட்டின இடத்திலேயே நிற்கும் ஒட்டு.

அக்காவின் மேற்பார்வையில் நானேதான் செய்தேன். அவர் தொடவில்லை. சக்கரத்தில் படிந்த பசையைக் கூர் சீவிய பல்குச்சியால் செதில் செதிலாக எடுத்தது ஒரு நாள். துளைக்குள் சிக்கியிருந்த உடைந்த காலை ஸ்க்ரூவைத் தளர்த்தி வெளியே தட்டியது இன்னொரு நாள். ஒட்டுவட்டங்களை எதிரெதிராக, ஒரே உயரத்தில் வைத்தேன், டயல் ஒரு பக்கம் தூக்காமல் இருக்க. மிச்சமிருந்த காலைத் துளையில் இறக்கினேன். உடனே அழுத்தவில்லை. ஒற்றைக்கால் இடத்தைச் சொல்லும், சுழற்சியைத் தடுக்காது. ஆகவே டயலின் நடுத்துளையை லென்ஸில் பார்த்தேன். மணிமுள்ளின் குழல் அதன் நடுவில் நிற்கிறதா, சுற்றிலும் ஒரே அளவு இருட்டு தெரிகிறதா. தெரியவில்லை. இடது பக்கம் கோடு மெலிந்திருந்தது. பல்குச்சியால் டயலின் விளிம்பை ஒரு மூச்சளவு தள்ளினேன். இருட்டு சமமானது. அப்போதுதான் இரண்டு விரலின் சதையால், நகம் படாமல், ஒட்டுவட்டங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் அமுக்கினேன்.

"உக்காந்துச்சா?" என்றார் அக்கா. அவர் லைனிலும் அதே வார்த்தைதான் போலிருக்கிறது.

கால் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன். முள்களை வைத்து மணிமுள்ளுக்கும் டயலுக்கும் நடுவில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு கீற்று தெரிகிறதா என்று பன்னிரண்டு மணியும் சுற்றிப் பார்த்தோம். எல்லா மணியிலும் தெரிந்தது.

மூடுவதற்கு முன்னால் பின்மூடியின் உள்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். ஊசியால் கீறிய குறிகள் இருந்தன. ரிப்பேர் செய்கிறவர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொள்ளும் எண்கள், எழுத்துகள். ஒரு குறி கன்னடம். ஒன்று உருதுபோல இருந்தது. இன்னொன்று வெறும் எண், 7-ன் குறுக்கே கோடு போட்டது. அப்பா இதை எங்கெங்கே கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு, பெங்களூரு சிக்பேட், ராயக்கோட்டைச் சந்தை, எங்கேயும் இருக்கலாம். குறைந்தது மூன்று பேர் இந்த டயலைக் கழற்றி, திரும்ப அதே இடத்தில் உட்கார வைத்து, அரைச் சுற்று இறுக்கி, எனக்கு இரண்டு காலோடு அனுப்பியிருக்கிறார்கள்.

நானும் ஊசியை எடுத்தேன். 'ஒரு கால் இல்லை, ஒட்டு போட்டிருக்கிறது, நெம்பாதே' என்று எழுத நினைத்து, இந்த எல்லையில் அடுத்து இதைத் திறக்கப்போகிறவருக்கு என்ன மொழி தெரியும் என்று யோசித்தேன். ஒரு வட்டம் கீறினேன். அதன் ஓரத்தில், கால் இருக்கும் இடத்தில் ஒரு அழுத்தமான புள்ளி. கால் இல்லாத இடத்தில் ஒரு பொட்டு வளையம், உள்ளே வெறுமை. ஒட்டுவட்டங்கள் இருக்கும் இரண்டு இடத்திலும் சின்னச் சின்னக் கோடு, பிளேடு எந்தப் பக்கமிருந்து போக வேண்டும் என்று காட்டும்படி. அக்கா வாங்கிப் பார்த்து, கோடு ஒன்றின் முனையில் அம்புக்குறிபோல இன்னும் ஒரு கீறல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.